துடுப்பு பிடிக்க ஆள்

முதலை சீறிக்கொண்டு வந்ததுதான் தாமதம், ஷேன் துடுப்பைப் போட்டுவிட்டுப் பிடரியில் கால்பட ஓடினான். வேலிமேல் தொற்றிக்கொண்ட பிறகுதான் அதன் வாயைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. மானம் போய்விட்டது.

"போதும், இறங்கி வா தம்பி," என்றாள் லியோனி. சிரிக்காமல் சொன்னதே பெரிய உபகாரம்.

லியோனியும் அவள் கணவன் நெவிலும் ஆஸ்திரேலியாவில் டார்வின் நகருக்குக் கிழக்கே, சதுப்பு நிலத்தில் முதலை முட்டை எடுத்துப் பண்ணைகளுக்கு விற்பவர்கள். நெவில் குனிந்து கூட்டைத் தோண்டுவான். தாய் முதலை பாய்ந்தால் துடுப்பால் மறிக்க அவன் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் வேண்டும். வருகிறவனின் துணிச்சலை அளக்கத்தான் இந்தக் கூத்து.

ஷேனுக்குச் சற்றுமுன் இதே சோதனைக்கு நின்ற கிளின்ட் இம்மியும் நகரவில்லை. முதலையின் மூக்கிலேயே ஒன்று போட்டுவிட்டு, "இந்தப் பல்லிக்கா இவ்வளவு அலப்பறை?" என்று வேறு கேட்டான்.

"உனக்கு நீயே மார்க் போடு. பத்துக்கு எவ்வளவு?" என்று இருவரையும் கேட்டாள் லியோனி.

"பத்து," என்றான் கிளின்ட்.

ஷேன் தரையைப் பார்த்தான். மனைவிக்கு நிறைமாதம். குடியிருப்பது மச்சினன் வீட்டு கார் ஷெட்டில். இந்த வேலையும் போனால் அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதுதான்.

"நீங்கதான் பாத்தீங்களே, இனிமே என்னத்தப் பொய் சொல்ல? ஒண்ணு போட்டுக்குங்க. ஆபத்துன்னா பக்கத்துல யாரு இருக்காங்கன்னுகூடத் திரும்பிப் பாக்க மாட்டேன்."

"கிளின்ட், நீ கிளம்பலாம். ஷேன், திங்கக்கிழமை வந்துடு."

கிளின்ட் ஷேனைக் கைகாட்டினான். "அவன் ஓடின ஓட்டத்தப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். இந்தத் தொழில்ல வீராப்புதான் ஆளைக் கொல்லும். பயம் தெரிஞ்சவன்தான் எனக்கு வேணும்."

ஷேனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. உண்மை சொன்னதற்கு வேலை கொடுக்கும் முதலாளியை அவன் இதுவரை கண்டதில்லை.

நெவில் கையில் குளிர்ந்த பீரோடு வந்தான். நல்ல மனுஷன். பாதி தின்ற இறைச்சி பப்ஸைப் பிட்டு ஷேனுக்கும் நீட்டினான்.

"என் பொண்டாட்டி ஆள் எடுத்தா சரியாத்தான் எடுப்பா. இனி என் முதுகு உன் பொறுப்பு மச்சான்," என்று தோளில் தட்டிவிட்டு, விசிலடித்தபடி படகைக் கழுவப் போனான்.

கொட்டகைச் சுவரில் ஒற்றை பூட்ஸ் தொங்கியது. குதிகால் முழுக்கப் பல் பதிந்த ஓட்டைகள்.

"நெவிலோடதா?" என்றான் ஷேன்.

"போன வருஷம். பூட்ஸோட போச்சு. அவருக்கு ஒரு கீறல்கூட இல்ல." லியோனி பெருமூச்சு விட்டாள்.

பாவம், எப்படிப் பதறியிருப்பாள் என்று ஷேனுக்கு இரக்கமாக இருந்தது. "அன்னைக்குத் துடுப்பு பிடிச்சது யாரு?"

"டக்ளஸ்னு ஒருத்தன். மறுநாளே வேலைய விட்டுத் தூக்கிட்டேன்."

"விட்டுட்டு ஓடிட்டானாக்கும்?"

லியோனி சன்னல் வழியே கணவனைப் பார்த்தாள். அவன் இன்னும் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

"ஓடியிருந்தா அவனை ஏன் தூக்கப்போறேன்?"