ஹந்தானை ரோட்டில் தானே ஓடிய கார்

“பொம்பளையா ஓட்டுறது? வேணாம், அடுத்த காரைக் கூப்பிடுங்க.”

பேராதனை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டாக்சி ஸ்டாண்டில் ஞானேஸ்வரிக்கு இது புதிதில்லை. அந்த வாரத்தில் மட்டும் நாலாவது தடவை. ஸ்டாண்டுத் தலைவர் நபீல் நானா வேறு காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: “இன்னிக்கும் ஹயர் ஒண்ணும் போகாம சும்மா நின்னா, ஒங்க எடத்தை வேற ஆளுக்குக் குடுக்கிறதுதான், தங்கச்சி.”

இடத்தை விட்டுக்கொடுக்கிற ஆளா அவள்?

“சார், இந்தக் கார்ல தானா ஓட்டுற பெட்டி பூட்டியிருக்கு” என்றாள்.

அடுத்த காரைக் கேட்ட ஜெயராஜ் எட்டிப் பார்த்தார். முன்கண்ணாடியில் ஒரு கறுப்புப் பெட்டி, சின்ன கேமரா, பச்சை விளக்கு. மனுஷன் முகமே மாறிவிட்டது.

“அட, யூடியூப்ல பார்த்தேனே! இப்ப மலிவா வருதாமே, பழைய கார்லகூடப் பூட்டலாமாம். யசோதினி, ஏறு ஏறு!”

அவர் மனைவி யசோதினிக்கு வயிற்றில் ஆபரேஷன். அன்றைக்குத்தான் வீட்டுக்கு விட்டிருந்தார்கள். தையல் பிரியாமல் ஹந்தானை மேல் தோட்டம் வரை போய்ச் சேர வேண்டும். அவள் பின்சீட்டில் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜெயராஜ் முன்சீட்டில், காவலுக்கு.

“கையை எதுக்கு ஸ்டியரிங்ல வச்சிருக்கே?”

“எடுக்கக் கூடாதுன்னு பெட்டியோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு, சார்.”

“சரி, சும்மா வச்சுக்க. திருப்பிக்கிருப்பித் தொலைக்காதே.”

பதினொரு வருஷமாக இதே மலையில் வண்டி ஓட்டுகிறவள். சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஹந்தானைக்குத் திரும்பும் சந்தியில் பெட்டி ‘டிங்’ என்றது.

“என்னவாம்?”

“மலை ரோடு வந்திருச்சாம்.”

வளைவுக்கு வளைவு ஹார்ன். குழிகளில் கார் மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. ஒரு முடக்கில் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று நடுரோட்டில் வந்து நின்றது. கார் தண்ணீர் ஓடும் கானோரமாக ஒதுங்கி, குலுங்காமல் வழிவிட்டது. யசோதினி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“பார்த்தியா! பொம்பளை ஓட்டியிருந்தா இந்நேரம் பள்ளத்துல கெடப்போம். மெஷின்னா மெஷின்தான்! இது எங்க கிடைக்கும்?”

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு ஞானேஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள்.

“ரோட்டுல வெள்ளைக் கோடு இருந்தாத்தான் சார் இந்தப் பெட்டி ஓட்டும். ஒங்க ஹந்தானை ரோட்டுல கோடு எங்க இருக்கு? சந்தியில ‘டிங்’னுச்சே, அது என்னால முடியாதுன்னு கையை விரிச்ச சத்தம். அங்கேருந்து இது வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.”

ஜெயராஜ் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு அணைந்து கிடந்தது.

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நடுரோட்டுல எறங்கியிருப்பீங்க. தையல் போட்ட மனுஷி, ஏத்தத்துல நடக்கணுமா?”

யசோதினி வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக இறங்கி, முன் ஜன்னலருகே வந்தாள்.

“வியாழக்கிழமை தையல் வெட்டப் போகணும், தங்கச்சி. நீங்களே வாங்க. அந்தப் பெட்டியை மட்டும் கழட்டி வச்சிட்டு வாங்க.”

“அதை ஏன் கழட்டச் சொல்றே?” என்றார் ஜெயராஜ்.

“சந்தியில வெளக்கு அணைஞ்சதைப் பார்த்த பிறகுதாங்க நான் கண்ணை மூடித் தூங்கினேன்.”