பெயர் வைத்தால் படகு இல்லை

"மேடம், அதுக்குப் பேர் வெச்சாச்சா?"

"இல்லை சார். இன்னும் தாழ்வு மண்டலம்தான்," என்றாள் பணியிலிருந்த வானிலை அதிகாரி. ரிசீவர் காதில் இருந்தாலும் கண் திரையை விட்டு நகரவில்லை.

காலையிலிருந்து இதே பாட்டுத்தான். கூரை வேய்கிறவர் ஒருவர், பள்ளிக்கு லீவு உண்டா என்று குரலைக் கனமாக்கிக் கேட்ட ஒரு வாண்டு, இப்போது இவர். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் மரத்துப் போயிருந்தது.

"எப்ப வைப்பீங்க?"

"காத்து மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டரைத் தொட்டாதான் புயல். புயலானாதான் பேர்."

"இப்ப எவ்வளவு?"

"அறுபதை ஒட்டி நிக்குது."

"ரெண்டுதானே மேடம் குறையுது. கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்களேன்."

"இது காய்கறி வியாபாரம் இல்லை சார்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. ஆள் போனை வைக்கிற வழியாக இல்லை.

"சாயங்காலப் படகு கிளம்புறதுக்குள்ள பேர் வெச்சாகணும் மேடம். பேர் வெச்சுட்டா துறைமுகத்துல படகை நிறுத்திடுவாங்க இல்லையா?"

"நிறுத்திடுவாங்க. விதி அது."

"அந்தப் படகுலதான் என் மனைவி போறாங்க."

"போகட்டுமே சார்."

"அக்கரையில அவங்க அக்கா வீடு இருக்கு. அந்த அம்மாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அங்க போய்ச் சேர்ந்துட்டாங்கன்னா அவ்வளவுதான், திரும்பி வரவே மாட்டாங்க."

ரிசீவரைத் தாண்டிக் கேட்ட குரலுக்கு எதிர் மேசை உதவியாளர் காதைத் தீட்டிக்கொண்டார். புயல் நாளில் இப்படி ஒரு சுவாரசியம் கிடைப்பது அபூர்வம்.

"அப்படி என்ன செஞ்சீங்க?" என்றாள் அதிகாரி. எந்தக் கையேட்டிலும் இல்லாத கேள்வி. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"அண்ணன் வீட்டு விருந்துல வாய் தவறிடுச்சு மேடம். 'இவளுக்கு என்ன, சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறா'ன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களும் சிரிச்சாங்க. மறுநாளே படகுக்கு டிக்கெட் எடுத்துட்டாங்க."

"வாய் தவறினா ஒரு வார்த்தை வரும் சார். இது முழு வாக்கியம்."

"ஆமாங்க," என்றார் அவர். சுருதி நன்றாகவே இறங்கியிருந்தது.

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"என் நம்பரைப் பார்த்தாலே கட் பண்ணிடறாங்க மேடம்."

"துறைமுகத்துக்குப் போய் நேர்ல கேளுங்க."

"நேர்ல பார்த்தா என் வாய் சும்மா இருக்காதே. இன்னும் ஏதாவது உளறி வைப்பேன்." பிறகு, பேச்சை எப்படியாவது நீட்ட வேண்டும் என்பதுபோல், "வெச்சா என்ன பேர் மேடம்?" என்றார்.

"மின்மினி."

"மின்மினியா? இந்தப் பேருக்கு எவன் பயப்படுவான்?"

"பயமுறுத்த வைக்கிறதில்லை சார். ஒரே நேரத்துல ரெண்டு புயல் வந்தா குழப்பம் வரக் கூடாது, அதுக்குத்தான். ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே பேர் கொடுத்திருக்கு, வரிசையா எடுக்குறோம். சின்னதா இருக்கணும், சுலபமா வாயில வரணும், யார் மனசும் நோகக் கூடாது."

"யார் மனசும் நோகக் கூடாதுன்னுகூட விதி போட்டிருக்காங்களா?"

"புயலுக்கே போட்டிருக்காங்க சார்."

"மேடம்," என்றார் அவர், "அவங்க இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது. சத்தியமா."

"உங்க மனைவி கிளம்புறாங்கன்னு புயலுக்குப் பேர் வைக்க முடியாது. போனை வெச்சிடறேன் சார்," என்று அதிகாரி ரிசீவரை மெதுவாக வைத்தாள்.

"பாவம் மேடம் அந்த ஆளு," என்றார் உதவியாளர்.

"வாய்க்கொழுப்பு," என்றாள் அவள்.

கடலிலிருந்து புதிய அளவுகள் வந்து விழுந்தன. உதவியாளர் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "மிதவைக் கருவி எல்லைக்கு ஒரு நூல் கீழே சொல்லுது. கப்பல் ஒரு நூல் மேலே சொல்லுது. எதை எடுத்துக்கிறது மேடம்?"

இப்படி இழுபறி வந்தால் முடிவு பணியில் இருப்பவருடையது. அவளோ ஒருநாளும் அவசரப்பட்டவள் இல்லை. அடுத்த அளவு வரட்டும் என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தாள். இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேலேயே வெச்சுக்குவோம். மின்மினின்னு அறிவிச்சிடுங்க," என்றாள்.

"அடுத்த அளவு வரட்டுமே மேடம்?"

"அதுக்குள்ள படகுல ஜனங்க ஏறிடுவாங்க."

அறிவிப்பு போனது. அதிகாரி தானே துறைமுகத்தைக் கூப்பிட்டாள்.

"புயலுக்குப் பேர் வெச்சாச்சு. சாயங்காலப் படகை நிறுத்திடுங்க."

"சரிங்க மேடம்," என்றார் டிக்கெட் கவுன்டர்காரர். "இன்னைக்குப் போக இருந்தவங்களுக்கெல்லாம் புயல் போனதும் இடம் கொடுத்துடறோம். உங்க டிக்கெட்டையும் அப்படியே மாத்திடவா? அக்கா வீட்டுக்குன்னு எடுத்தீங்களே?"

"வேண்டாம், ரத்து பண்ணிடுங்க," என்றாள் அவள். "மாடியில துணி காயுது, மழை வந்தா எடுக்கணும்னு அந்த மனுஷனுக்குத் தோணவே தோணாது."