கதவுக்கு வெளியே

வீட்டிலுள்ள பாட்டையெல்லாம் ஒரு பெட்டியில் சேர்த்துவைத்து, கேட்டதைப் போடும் மென்பொருள் அவன் எழுதியது. கணினி தெரியாத ஒருவர் யார் துணையும் இல்லாமல் பாட்டுப் போட்டுக் காட்டினால்தான் அதை வெளியிடுவேன் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்றுதான் கடைசி நாள்.

மாமியார் ஏழு முறை முயன்று தோற்றார். ஒவ்வொரு முறையும் அவன் ஒரு பொத்தானைக் குறைத்தான். இப்போது மிச்சம் ஒன்றுதான்.

“இதை அமுக்கினா போதும் அத்தை. நான் உள்ள வரக் கூடாது.”

“நீங்க போங்க மாப்பிள்ளை, நான் பாத்துக்கறேன்.”

மூடிய கதவுக்கு வெளியே அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கும் இங்கும் நடந்தான். நகத்தைக் கடித்தான். பத்து நிமிடமாகச் சத்தமே இல்லை.

திடீரென்று கணீரென்று பாட்டு கேட்டது!

“ஜெயிச்சாச்சு சார்!” என்று மேலாளருக்குப் போன் போட்டான். அவரும் அந்த நிமிடமே வெளியிட்டுவிட்டார். அவன் உள்ளே ஓடினான்.

“அசத்திட்டீங்க அத்தை! சுலபமா இருந்துச்சா?”

“எங்க மாப்பிள்ளை! அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சதுதான் மிச்சம். கதவுக்கடியில உங்க கால் நிழல் அலையறதப் பாக்கப் பாவமா இருந்துச்சு. அதான், என் பழைய ரேடியோவைத் திருகிவிட்டேன்.”