சிவப்புப் பட்டை

அடியும் முடியும் எவராலும் அளக்கவொண்ணாத பரம்பொருளே! அடுத்தவர் உயரத்தை அளந்து அளந்தே வெந்துபோகும் எங்கள் நெஞ்சைச் சற்றே குளிரச் செய்வாயாக.

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில், காலர் தைக்கும் வரிசையில், அடுத்தடுத்த மெஷின்களில் அமர்ந்திருந்த இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். பெரியவள், சின்னவள் என்பதே அங்கே அவர்களுக்குப் பெயர்.

புதிதாக ஒரு வரிசை தொடங்க இருந்தது. அதற்குத் தலைவியாக இருவரில் ஒருத்தியை முதலாளி அன்று தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. சூப்பர்வைசர் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் முடிவு.

பெரியவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்து போய் சூப்பர்வைசர் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்த கணமே வயிறு பற்றி எரிந்தது.

சுவரில் ஓர் அட்டை. வெட்டித் தள்ளிய துணியில் இரண்டு பட்டைகளை நிமிர்த்தி ஒட்டியிருந்தார்கள். ‘சின்னவள்’ என்ற சீட்டுக்கு மேலே முழங்கை நீளத்துக்குச் சிவப்புப் பட்டை. ‘பெரியவள்’ என்ற சீட்டுக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு வெள்ளைத் துண்டு.

“என்ன தம்பி இது?”

“பட்டை வரைபடம்க்கா!” சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் பல். “புள்ளியியல் வகுப்புல புதுசா கத்துக்கிட்டேன். எல்லாப் பட்டையும் ஒரே அகலமா இருக்கணும், பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கணும். சரியா இருக்கா பாருங்க.”

“அகலமெல்லாம் சரியாத்தான் இருக்கு. உயரத்துலதான் ஓரவஞ்சனை.”

“எண்ணிக்கை, தைச்சதைச் சரிபார்க்கிற செக்கிங் அம்மா கொடுத்தது. என்மேல ஏன் பாயறீங்க?”

“அவளுக்குப் பளபளன்னு சிவப்பு, எனக்கு மட்டும் காலருக்குள்ள மறைச்சு வைக்கிற உள்பட்டித் துணியா?”

“கையில கிடைச்சதை ஒட்டினேன்க்கா! அதுலயுமா சண்டை?”

பெரியவள் திரும்பி வந்து தன் மெஷின் முன்னால் தொப்பென்று அமர்ந்தாள். நூல் ஊசிக்குள் போகாமல் அடம் பிடித்தது.

“கொடுங்கக்கா, நான் கோத்துத் தர்றேன்,” என்று கை நீட்டினாள் சின்னவள்.

“வேணாம் தாயே. உன் உயரத்துக்கு இந்த வேலையெல்லாம் செய்யலாமா?”

“என்னக்கா இப்படிப் பேசறீங்க?”

“நம்ம வீட்டுக்கு வந்தப்ப உனக்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியுமா? கையைப் பிடிச்சுக் கத்துக்கொடுத்தவ நான். இப்ப என்னையே தாண்டிப் போயாச்சு. போ, நல்லா இரு.”

சின்னவள் தலையைக் குனிந்து தன் தையலைத் தொடர்ந்தாள். அதுவே பெரியவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ‘அமுக்குணி! எத்தனை நாளாய்த் திட்டம் போட்டாளோ!’

முதலாளியின் கார் வந்து நின்ற ஓசை கேட்டது. சூப்பர்வைசர் வாசலுக்கு ஓடினார். பெரியவள் அவர் அறைக்குள் நுழைந்தாள். இரண்டு குண்டூசிகளைப் பிடுங்கினாள். சீட்டுகளை இடம் மாற்றிக் குத்தினாள். ‘இது திருட்டில்லை, நியாயம்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஒன்றும் அறியாதவள் போல் வந்து அமர்ந்தாள்.

சற்று நேரத்தில் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லார் முன்னிலையிலும் நிறுத்தினார் சூப்பர்வைசர். முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“ஏம்ப்பா, படம் அழகா இருக்கு. தலைப்பைக் காணோமே? பட்டை எதைக் காட்டுது?”

சூப்பர்வைசர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “எழுத மறந்துட்டேன் சார். இந்த மாசம் குறை இருக்குன்னு செக்கிங்ல திரும்பி வந்த காலர் எண்ணிக்கை.”

பெரியவளின் பார்வை தான் மாற்றிக் குத்திய சீட்டுகள்மேல் பாய்ந்தது.

“ஓ, அப்ப குட்டையா இருக்கிறவங்கதான் கெட்டிக்காரங்க!” முதலாளி குனிந்து சீட்டைப் படித்தார். “சின்னவள். நீதாம்மா புது வரிசைக்குத் தலைவி.”

“ஐயோ சார், இல்லை!” பெரியவள் எழுந்தே விட்டாள். “அந்தக் குட்டை என்னோடது! நெட்டைதான் அவளோடது! சீட்டை நான்தான் மாத்தி வெச்சேன்.”

“நல்லா இருந்த உன் பேரை நீயே எடுத்து நெட்டைக்குக் கீழே வெச்சியா? எதுக்கும்மா?”

“தைச்சு முடிச்ச கணக்குன்னு நெனச்சேன் சார்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“ஆமா சார், காலையில நான் குத்தினது அவங்க சொல்ற மாதிரிதான்,” என்றார் சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தபடி.

முதலாளி பதில் சொல்லுமுன் சின்னவள் முந்திக்கொண்டாள். “அக்காவுக்கே கொடுத்துடுங்க சார். என்னைவிட அவங்கதான் நல்லா தைப்பாங்க. ஏதோ தெரியாம செஞ்சுட்டாங்க.”

“போதும்டி,” என்று ஒரு குரல். செக்கிங் மேசையிலிருந்து அந்த அம்மா எழுந்து வந்தார்.

“அம்மா, வேண்டாம்மா...” என்று சின்னவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

“சும்மா இரு. ஏன் பெரியவளே, ஒரு காலராவது உன் மெஷினுக்குத் திரும்பி வந்ததா? வராது. குறைன்னு திரும்பின உன் காலர் அத்தனையையும் பிரிச்சு மறுபடி தைச்சவ இவ. ‘அக்காவுக்குக் கண்ணு மங்குது, சொன்னா கோவிச்சுக்குவாங்க, திரும்பறதை என் பேருல எழுதிக்குங்க’ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஒண்ணுமே இல்லேன்னா யாரும் நம்பமாட்டாங்கன்னு, தனக்குத் திரும்பின கொஞ்ச காலரை உன் பேருல எழுதச் சொன்னா. மனசு இளகி நானும் எழுதிட்டேன். அது என் தப்பு.”

அந்த அம்மா அட்டையைப் பார்த்துவிட்டுப் பெரியவளிடம் சொன்னார்:

“இப்ப நீ பொறாமையில சீட்டை மாத்தினே பாரு, அதுக்கப்புறம்தான் இந்தப் படம் உண்மையைச் சொல்லுது.”

இதைப் படித்தோரும் படிக்கக் கேட்டோரும், ஒருவர் குறையை ஒருவர் சுமக்கும் உறவு வாய்த்து, இறையருளால் நீடூழி வாழ்க.