மூன்று முறுக்கு, ஒரு உதறல்

சீனப் பேரரசரின் மகள் புல்வெளி நாட்டுக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அதனால் அரண்மனைச் சலவைக்காரி யின்சுவுக்குப் பட்டு உடுத்தி, இளவரசி என்று ஒட்டகத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். குட்டு உடைந்தால் அவள் தலை போய்விடும்.

கல்யாண விருந்தில் மாமியார் ராணியின் சால்வையில் குதிரைப்பால் கொட்டியது. யோசிக்கும் முன்பே யின்சு சட்டைக் கைகளைச் சுருட்டிவிட்டு, சால்வையை நீரில் அலசி, மூன்று முறுக்கு முறுக்கிப் பிழிந்து உதறிவிட்டாள்.

"இளவரசியாம்! அந்த முண்டாவைப் பாருங்கடி!" என்று நாத்தனார் சிரித்தாள். "நம்ம வேலைக்காரிக்குக்கூட இவ்வளவு வராது!"

யின்சு கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாயை மூடுடி!" என்று ராணி எழுந்தாள். "நானும் சீனத்து இளவரசியாத்தானே இங்க வந்தேன்? எனக்குத் தெரியாதா? மூணு முறுக்கு, ஒரு உதறல். எங்க ராஜ வம்சத்துப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான் இது வரும். இவ அசல்!"

கூடாரமே மண்டியிட்டது.

ராணி மருமகளை அணைத்து, சீன மொழியில் காதோடு கேட்டாள்: "ஏண்டியம்மா, சலவைத் துறையில அந்தச் சிடுமூஞ்சிக் கங்காணி இன்னும் உசிரோடதான் இருக்கானா? இப்பவும் வெளுக்கிற சாம்பலைக் கிள்ளிக் கிள்ளித்தான் கொடுக்கிறானா?"