நாலாவது பெஞ்சு

தையல்காரர் நிஜ ஸ்டேஷனுக்கே டேப்போடு போய், அங்குலம் அங்குலமாக அளந்துதான் வீட்டு மேஜையில் பொம்மை ஸ்டேஷனைக் கட்டினார். அப்படியும் பிசகிவிட்டது. நடைமேடையில் இருந்தவை மூன்று பெஞ்சுகள். இவர் நான்கு செய்துவிட்டார். பிய்த்துப்போட மனசு வராமல், போன வருஷம் இறந்த மனைவியை விரல்நுனி உயரத்தில் செய்து, அவளுடைய பச்சைச் சால்வையில் ஒரு துணுக்கைச் சுற்றி, நாலாவதில் ஒட்டினார்.

மறுநாள், மிச்சமிருந்த கூரைக்கு அளவெடுக்க நிஜ ஸ்டேஷனுக்குப் போனபோது அங்கே நான்கு பெஞ்சுகள் இருந்தன. நாலாவதும் வெயிலில் வெளுத்து, கால் துருப்பிடித்திருந்தது.

"இது எப்பங்க போட்டது?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து நாலுதாங்க," என்றார் போர்ட்டர்.

அதில் உட்கார்ந்திருந்த பச்சைச் சால்வைக்காரி திரும்பினாள்.

"என்னங்க, அளந்தது போதும். பசையை இவ்வளவா ஊத்துவீங்க? எழுந்திருக்கவே முடியல. கொஞ்சம் கை குடுங்க."