நேர் ரோடு

"ரோடு இவ்ளோ நேரா கெடக்குது. இத விட்டுட்டு உப்புப் பாத்தியில போயி எறக்குவாளா ஒருத்தி? முட்டாப் பொண்ணு!"

பாஸ்கல் கத்தினார். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

மரக்காணம் உப்பளத்தின் நடுவே ஓடும் மண் ரோட்டில் அவர் நின்றிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்பு, அவர் மகள் அனுஷியா தனியாக ஓட்டி வந்த பயிற்சி விமானம் இன்ஜின் நின்றுபோய், பக்கத்துப் பாத்தியில் கவிழ்ந்தது. இருபத்திரண்டு வயது. போய்விட்டாள்.

அவளை முதலில் தூக்கியது உப்பளத்தில் வேலை செய்யும் விருத்தாம்பாள் என்று கேள்விப்பட்டுத்தான் தேடி வந்திருந்தார். விருத்தாம்பாள் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் பாக்ஸ். இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"பாத்தேங்க. காத்துக்கு எதிரா, இந்த ரோட்டுக்கு நேராத்தான் எறங்குச்சு. சத்தமே இல்ல. கடைசியில சடார்னு திரும்பிடுச்சு. அன்னைக்குப் பேய்க்காத்துங்க. பக்கவாட்டுல அடிச்சு ஒரு பக்கம் ரெக்கையத் தூக்கிடுச்சு."

"அதையேதாம்மா ரிப்போர்ட்டுலயும் எழுதிட்டாங்க. தேவையில்லாம திருப்பிட்டா, ஓட்டுனவ தப்புன்னு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், ஒரு கீறல் கெடையாது. எம்பொண்ணு ஓட்டத் தெரியாம செத்தான்னு ஊரே பேசுது. கல்லறைக்குப் போனாலும் நான் அவளத் திட்டிட்டுத்தாம்மா வர்றேன். ஏன் திருப்பினான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

விருத்தாம்பாள் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள். ஐயோ, இந்த மனுஷனிடம் இனிமேலும் எப்படி மறைப்பது?

"ஐயா, நீங்க பஸ் ஓட்டினவரு. நேரா போற வண்டிய எதுக்கு ஒடிப்பீங்க?"

பாஸ்கல் அவளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"சுத்தி உப்புத்தண்ணிங்க. உக்காந்து சோறு திங்க காஞ்ச எடம் இந்த ரோடு ஒண்ணுதான். எங்க மேல கேஸ் வந்துடும்னு பயந்து, ரோட்டுல யாருமே இல்லன்னு விசாரணையில பொய் சொல்லிட்டோம்" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள் விருத்தாம்பாள். "அன்னைக்குப் பதினாலு பொம்பளைங்க இங்கதாங்க வரிசையா உக்காந்திருந்தோம்."